பிட் நோட்டீஸுக்கும் அடிக்குறிப்பு உண்டு!
ஆய்வேடு எழுதும் தங்கச்சி, தம்பிகளுக்கு ஒரு ராயபுரம் அக்காவின் டிப்ஸ்

“அக்கா, என் சாப்டர்ல பாதி விஷயம் பிட் நோட்டீஸ்லதான் இருக்கு. அதுக்கு ஆசிரியர் இல்ல, வருஷம் இல்ல, பக்க நம்பர் இல்ல. இத எப்படிக்கா சைட் பண்றது? கைடு ஒத்துக்குவாரா?”

வடசென்னையைப் பற்றி ஆய்வு எழுத உட்காரும் பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். முட்டித்தான் ஆகணும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், துறைமுகத் தொழிலாளர், எண்ணூர்க் கழிமுகம், திருவொற்றியூர் ஆலைகள் என்று எதைத் தொட்டாலும் இங்கே புத்தகம் குறைவு, தாள் அதிகம். சங்கம் கேட் வாசலில் கொடுத்த நோட்டீஸ், சர்ச் திருவிழா மலர், ஊர்ப் பஞ்சாயத்துச் சுற்றறிக்கை, தேர்தல் துண்டுப் பிரசுரம், கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் அச்சுப் பிரதி, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி எண்ணூர்ப் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தது. இப்படி ஒன்று நடக்கும்போது அரசாங்கத்தின் பக்கத்தில் அறிக்கை இருக்கும், ஆலையின் பக்கத்தில் விளக்கம் இருக்கும், குப்பத்து ஜனங்களிடம் மனுவும் நோட்டீஸும்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு எழுதினால் ஒரு தரப்பு பேசாமலே போய்விடும்.

கைடு தயங்கினால் இரண்டு பெயரைச் சொல். சு. தியடோர் பாஸ்கரன் 1981-ல் வெளியிட்ட ‘தி மெசேஜ் பேரர்ஸ்’, நாடகத்தையும் சினிமாவையும் பாட்டுப் புத்தகங்களையும் வைத்துச் சுதந்திரப் போராட்ட அரசியலைப் பேசிய ஆய்வு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ 2004-ல் வந்தது. நம் பக்கத்துப் பார்க் டவுன் குஜிலிக் கடைத்தெருவில் அரையணா, ஓரணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள்தான் அதற்கு ஆதாரம். தெருவில் விற்ற தாள் ஆய்வுக்கு உதவாது என்ற பேச்சு இவர்களுக்குப் பிறகு செல்லாது.

ஆனால் ஒரு நிபந்தனை. புத்தகத்தைக் காட்டினால் படிக்கிறவர் எந்த நூலகத்திலும் அதைத் தேடிப் பிடிப்பார். நோட்டீஸ் அப்படி இல்லை. உலகத்திலேயே மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி உன் தெருக்கோடி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். அதனால் நோட்டீஸுக்கு எழுதும் குறிப்பு, அந்தத் தாளை இன்னொருவர் திரும்பக் கண்டுபிடிக்க வழி காட்டணும். கீழே சொல்லும் எல்லா டிப்ஸுக்கும் அடிப்படை இதுதான்.

1. முதலில் அதன் வகையைச் சொல்

தலைப்புக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு அது என்ன என்று எழுது: [பிட் நோட்டீஸ்], [சுவரொட்டி], [திருவிழா மலர்], [பாட்டுப் புத்தகம்], [அழைப்பிதழ்], [சுற்றறிக்கை]. ஏ.பி.ஏ. நடையில் இந்த வகைக் குறிப்பு தலைப்பை அடுத்து வரும். எம்.எல்.ஏ. நடையில் பதிவின் கடைசியில் சேர்க்கலாம். சிகாகோ நடை சிறு பிரசுரத்தைப் புத்தகம் மாதிரியே நடத்தச் சொல்கிறது. துறையில் எந்த நடை கேட்கிறார்களோ அதைப் பிடித்துக்கொள், நடுவில் மாற்றாதே.

கூடவே அளவையும் சொல்: ஒரு தாள், இரு பக்கம், இளஞ்சிவப்புத் தாள். நிறம் எதற்கு என்று கேட்பாய். ஒரே சங்கம் ஒரே வாரத்தில் மூன்று நோட்டீஸ் போட்டிருக்கும், மூன்றுக்கும் தலைப்பு ‘தொழிலாளர் தோழர்களே!’ என்றே இருக்கும். அப்போது எது எது என்று பிரித்துச் சொல்ல நிறம்தான் கைகொடுக்கும்.

2. தாளின் காலடியைப் பார்

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் நாம் மேலே உள்ள பெரிய எழுத்தைப் படிப்போம். ஆய்வாளர் முதலில் பார்க்க வேண்டியது அடியில் இருக்கும் பொடி எழுத்தை. பிரஸ்ஸின் பெயர், தெரு, சில சமயம் போன் நம்பர், எத்தனை பிரதி என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இது தற்செயலாக வந்த வழக்கம் கிடையாது. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம், அச்சடித்த எந்தப் புத்தகத்திலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் தெளிவாக இருக்கணும் என்றது. தேர்தல் நோட்டீஸுக்கும் போஸ்டருக்கும் இன்னும் கெடுபிடி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 127ஏ பிரிவுப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தாகணும். பிரஸ்காரர் ஒரு பிரதியைத் தேர்தல் அதிகாரியிடம் அனுப்பியும் வைக்கணும். ஆக, தேர்தல் நோட்டீஸுக்கு ‘வெளியிட்டவர் தெரியவில்லை’ என்று எழுதுமுன் பூதக்கண்ணாடி வைத்து இன்னொரு தடவை பார். அப்படியும் இல்லையென்றால், பெயர் போடாமல் அடித்திருக்கிறார்கள் என்பதையே குறிப்பில் எழுது. அதுவும் ஒரு தகவல்தான்.

1867 சட்டத்தால் இன்னொரு லாபமும் உண்டு. அந்தக் காலத்தில் பதிவான புத்தகங்களின் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் அச்சிட்டது. ஆசிரியர், பிரஸ், விலை, அடித்த பிரதி எண்ணிக்கை எல்லாம் அதில் வரும். எட்டுப் பக்கக் குஜிலிப் புத்தகம் ஒன்றின் அட்டை கிழிந்து ஆண்டு தெரியாமல் போயிருந்தால் அந்தப் பட்டியலில் தேடிப் பார்.

3. ஆசிரியர் இல்லை என்று அவசரப்பட்டு எழுதாதே

நோட்டீஸின் கடைசியில் ‘இப்படிக்கு’ என்று இருக்கும். அதற்குக் கீழே இருப்பவர்தான் ஆசிரியர். ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’ என்று இருந்தாலும், ‘விழாக் குழுவினர்’ என்று இருந்தாலும் அதையே ஆசிரியர் இடத்தில் போடு. சங்கம், கட்சிக் கிளை, பங்குப் பேரவை எல்லாம் அமைப்பு ஆசிரியர் என்ற கணக்கில் வரும்.

பிரஸ்காரரை மட்டும் ஆசிரியராக்கிவிடாதே. அவர் தொழில் அச்சடிப்பது. ஒரே பிரஸ்ஸில் காலையில் ஒரு கட்சி நோட்டீஸும் சாயங்காலம் எதிர்க்கட்சி நோட்டீஸும் ஓடும். ‘இப்படிக்கு’வே இல்லாத தாளுக்குப் பதிவைத் தலைப்பிலிருந்து தொடங்கு.

திருவிழா மலரில் இரண்டு அடுக்கு உண்டு. மலரைத் தொகுத்த குழு ஒன்று, உள்ளே கட்டுரை எழுதியவர் இன்னொருவர். கட்டுரையை மேற்கோள் காட்டினால் கட்டுரையாளர் பெயர் முதலில் வரணும், மலரின் பெயர் பிறகு. மலர்களில் பக்க எண் பெரும்பாலும் இருக்காது. முன் அட்டையை விட்டு எண்ணி, நீயாகப் போட்ட எண் என்று காட்ட [ப. 14] எனச் சதுர அடைப்பில் எழுது. எப்படி எண்ணினாய் என்பதை முதல் தடவை ஒரு வரியில் சொல்லிவிடு. விளம்பரப் பக்கங்களை எண்ணிக்கையில் விட்டுவிடாதே. ஊரில் அப்போது எந்தக் கடை இருந்தது, எந்த ஐஸ் கம்பெனி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

4. எது தலைப்பு?

உச்சியில் இருக்கும் பிள்ளையார் சுழி, ‘மரியே வாழ்க’, ‘786’ இவை தலைப்பு இல்லை. ஆனால் யார் வெளியிட்டார்கள் என்று ஊகிக்க உதவும், அதனால் உன் நோட்டில் குறித்துக்கொள். பெரிய எழுத்தில் இருப்பது தலைப்பு. ‘மாபெரும் பொதுக்கூட்டம்’ என்று மட்டும் இருந்தால் அது ஆயிரம் நோட்டீஸுக்குப் பொருந்தும். அப்போது தலைப்பை அப்படியே போட்டு, அடைப்புக்குள் ‘கூலி உயர்வு குறித்த கூட்ட அழைப்பு’ என்று நீ விளக்கம் சேர்க்கலாம். தலைப்பே இல்லாவிட்டால் முதல் வரியைத் தலைப்பாக எடுத்துக்கொள்.

5. தேதி: இங்கேதான் ஆய்வாளர் யார் என்று தெரியும்

நோட்டீஸில் ‘வருகிற ஞாயிறு மாலை 6 மணிக்கு’ என்று இருக்கும். எந்த வருஷத்து ஞாயிறு? அன்றைக்குப் படித்தவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தாளே சில தடயங்களை வைத்திருக்கும். அவற்றைப் பயன்படுத்த ஒரே ஒரு விதி: புதுசு ஒன்று தாளில் இருந்தால், அது வருவதற்கு முன் அந்தத் தாள் இருந்திருக்க முடியாது. பழசு ஒன்று இருப்பதால் மட்டும் தாள் பழசாகிவிடாது.

பின்கோடு: 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ‘சென்னை-600 013’ என்று இருந்தால் நோட்டீஸ் அதற்குப் பிந்தியதுதான். ‘சென்னை-13’ என்று இருந்தால் எதுவும் சொல்ல முடியாது, இன்றைக்கும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு.

காசு: அணா போய்த் தசமக் காசு வந்தது 1957 ஏப்ரல் 1. ‘ந.பை.’ என்று நயா பைசாவில் விலை போட்டிருந்தால் கிட்டத்தட்ட 1957-க்கும் 1964-க்கும் நடுவில் வைக்கலாம், ‘நயா’வை 1964-ல் எடுத்துவிட்டார்கள். இன்றைய ரூபாய்க் குறியீடு 2010-ல்தான் வந்தது.

ஊர்ப் பெயர்: ஆங்கிலத்தில் மெட்ராஸ், சென்னை ஆனது 1996. தமிழ் நோட்டீஸில் இந்தத் தடயம் உதவாது, தமிழில் அதற்கு வெகு முன்பிருந்தே சென்னை என்றும் எழுதினார்கள். ‘மதராஸ் மாநிலம்’ என்று இருந்தால் 1969-க்கு முந்தியதா என்று யோசி. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தாளில் ‘நகராட்சி’ என்ற சொல்லைக் கவனி. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் நகராட்சிகளாக இருந்து 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தவை. மாவட்டம் திருவள்ளூர் என்று இருந்தால் தாள் 1997-க்கு முன் போக முடியாது, அந்த மாவட்டமே அப்போதுதான் பிறந்தது.

எழுத்து: ‘லை’, ‘ணை’, ‘னா’, ‘றா’ எழுத்துகளைப் பார். துதிக்கை வைத்த ‘லை’, ‘ணை’ உள்ளிட்ட பழைய வடிவங்களை மாற்றி அரசாணை வந்தது 1978 அக்டோபர். ஆனால் பழைய ஈய எழுத்து வைத்திருந்த பிரஸ்கள் அடுத்த நாளே அதைத் தூக்கி எறியவில்லை, வருஷக்கணக்கில் ஓட்டின. பழைய வடிவம் இருந்தால் 1978-க்கு முந்தியது என்று சத்தியம் செய்யாதே. மறுபக்கமும் ஒரு பொறி இருக்கிறது. பெரியார் தன் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தை 1935-லேயே கொண்டுவந்துவிட்டார். ஆகவே திராவிடர் இயக்கத் தாளில் புது எழுத்தைப் பார்த்து ‘1978-க்குப் பிறகு’ என்று எழுதினால் நாற்பது வருஷம் தவறிப் போகும்.

அச்சு: தாளைத் திருப்பி விரலால் தடவு. எழுத்து பின்பக்கம் மேடு தட்டியிருந்தால் ஈய எழுத்துக் கோத்து அழுத்திய அச்சு. வழுவழுவென்று இருந்தால் ஆப்செட்டாக இருக்கலாம். இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதே, மற்ற தடயத்தோடு சேர்த்துப் பார்.

தமிழ் ஆண்டு: கோயில் நோட்டீஸில் ‘விரோதி வருஷம்’ என்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். விரோதி 1889-90, 1949-50, 2009-10 என வந்திருக்கிறது. காசும் எழுத்தும் பார்த்து எது என்று முடிவு செய். சித்திரையில் ஆண்டு பிறப்பதால், 1949-50 என்று முடிவானால் விரோதி ஆவணி 1949, விரோதி தை 1950. இதில் தடுக்கி விழுந்த ஆய்வேடுகள் நிறைய. திருவள்ளுவர் ஆண்டு சுலபம்: 31-ஐக் கழித்தால் நம் ஆண்டு.

எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் [1974?] என்று கேள்விக்குறியோடு போடு. கொஞ்சமும் தெரியாவிட்டால் [ஆண்டு இல்லை] என்று போடு. எந்தத் தடயத்தை வைத்து முடிவுக்கு வந்தாய் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுது. வைவாவில் அந்த ஒரு வரி உன்னைக் காப்பாற்றும்.

6. தாள் இப்போது எங்கே இருக்கிறது?

நூலகத்தில் பார்த்திருந்தால் நூலகத்தின் பெயர், சேகரிப்பின் பெயர், பதிவு எண் மூன்றும் வேண்டும். இந்த மாதிரித் தாளுக்கு முதலில் போக வேண்டிய இடம் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் சைன்போர்டு எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நிறுத்தாமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே நிலைக்கச் செய்தது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. ராயபுரத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

தனி ஆள் வீட்டில் பார்த்தால், முதலில் அனுமதி வாங்கு. ‘தனியார் சேகரிப்பு, ராயபுரம்’ என்றும் பார்த்த தேதியும் போட்டால் போதும். அவர் சம்மதித்தால்தான் பெயர். இரண்டு பக்கமும் படம் எடுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துவிடு. ஓரத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் அளவும் தெரியும். அதன்பின் மூலத்தாள் கரையான் வாய்க்குப் போனாலும் உன் மேற்கோளைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கும்.

உன் கையிலேயே இருந்தால் ‘ஆய்வாளர் சேகரிப்பு’ என்று எழுது. செலோடேப் ஒட்டாதே, லேமினேட் செய்யாதே. பின்பக்க ஓரத்தில் பென்சிலால் கிடைத்த இடமும் தேதியும் எழுதி, பிளாஸ்டிக் கவரில் திணிக்காமல் காகித உறையில் வை.

7. நீ எதைப் பார்த்தாயோ அதையே காட்டு

பழைய சங்க நோட்டீஸ்கள் பலவற்றின் மூலம் இன்று கிடையாது. போலீஸ் அறிக்கையில் ஆங்கில மொழிபெயர்ப்பாக மட்டும் இருக்கும். பிரிட்டிஷ் அரசாங்கம் தமிழ்ப் பத்திரிகைகளையும் இப்படித்தான் சுருக்கி ஆங்கிலத்தில் அறிக்கையாக்கி வைத்தது. நீ பார்த்தது அந்த அறிக்கையை என்றால் குறிப்பில் அறிக்கையின் எண்ணும் தேதியும்தான் வரணும். அந்த ஆங்கிலத்தை நீ தமிழாக்கிவிட்டு அதை மூல நோட்டீஸின் வாசகம் மாதிரி மேற்கோள் குறிக்குள் போடவே கூடாது. எழுதியவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் திணிப்பதாகிவிடும்.

இன்னொருவர் புத்தகத்தில் எடுத்துக்காட்டிய நோட்டீஸும் அப்படியே. ‘இன்னார் நூலில் காட்டியபடி’ என்று சொல். நேரில் பார்த்த மாதிரிப் பாவனை செய்தால் அவர் செய்த பிழையும் உன் தலையில் விழும்.

8. சுவரில் இருப்பது

போஸ்டரைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நேரே நின்று ஒரு படம், சுவரும் தெருவும் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம், காலடி வரிக்கு ஒரு நெருக்கப் படம் என்று மூன்று எடு. குறிப்பில் தெரு, படமெடுத்த தேதி, எடுத்தவர் பெயர் மூன்றும் போடு. போஸ்டரின் தேதியும் படத்தின் தேதியும் வேறு வேறு என்பதை மறக்காதே. பிளெக்ஸ் பேனருக்கும் இதே முறைதான்.

9. பிழையைத் திருத்தாதே

‘தொழிளாலர்’ என்று அச்சாகியிருந்தால் அப்படியே எழுதி, பக்கத்தில் [மூலத்தில் உள்ளபடி] என்று போடு. ஒற்று விட்டுப்போயிருந்தால் நீ சேர்க்காதே. ‘கொயந்தை’, ‘இஸ்த்துகினு’ என்று நம் பேச்சு வந்திருந்தால் அதைச் செந்தமிழாக்காதே. அந்த எழுத்தைக் கோத்தவர் யார், யாருக்காக அடித்தார்கள் என்பது அந்தப் பிழையிலும் பேச்சிலும்தான் இருக்கிறது. மேற்கோளுக்கு நடுவில் நீ எதையாவது விட்டால் மூன்று புள்ளி, சேர்த்தால் சதுர அடைப்பு.

ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் தலைப்பை ஒலிபெயர்த்து எழுதி, அடைப்பில் மொழிபெயர்ப்பைக் கொடு. தமிழ்ப் பேரகராதி முறையோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையோ ஒன்றைப் பிடி. ‘ழ’வுக்கு அடிக்கோடு போட்ட எல், ‘ள’வுக்குக் கீழே புள்ளி வைத்த எல். இந்த வித்தியாசம் காட்டாவிட்டால் படிப்பவர் கிளியையும் கிழியையும் குழப்பிக்கொள்வார்.

10. நோட்டீஸ் எதற்குச் சாட்சி?

1949 செப்டம்பர் 18. நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம். அன்று கொட்டிய மழையைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். ஒரு கூட்டத்துக்கு முன்பே அச்சான எந்த நோட்டீஸுக்கும் மழை வரப்போவது தெரியாது. பேசுவதாகப் பெயர் போட்டவர் வந்தாரா, கூட்டம் ஆறு மணிக்கே ஆரம்பித்ததா, அதுவும் தெரியாது. கூட்டம் நடத்த ஏற்பாடு செய்தார்கள், இன்னாரை அழைத்தார்கள், இப்படிச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு நோட்டீஸ் சாட்சி. நடந்ததற்கு மறுநாள் பத்திரிகையோ நேரில் இருந்தவரின் நினைவுக் குறிப்போ வேண்டும்.

அதனால் வாக்கியத்தைக் கவனமாக எழுது. ‘ஐயாயிரம் பேர் திரண்டனர்’ என்று சங்க நோட்டீஸ் சொன்னால், ‘ஐயாயிரம் பேர் திரண்டதாகச் சங்கம் கூறியது’ என்று எழுதி அடிக்குறிப்பு போடு. ஆலை நிர்வாகத்தின் சுற்றறிக்கைக்கும் இதே தராசு. ஒரு தரப்பின் தாளை நம்பி, மற்றத் தரப்பின் தாளைப் பிரசாரம் என்று ஒதுக்காதே.

11. ஆட்களின் பெயரும் போன் நம்பரும்

கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நல்ல ஆதாரம்தான். உறவுமுறை, தொழில், குடியிருப்பு எல்லாம் அதில் தெரியும். ஆனால் அவற்றில் இருப்பவர்கள் நம் தெருவில் நடமாடுகிறவர்கள். பின்னிணைப்பில் படம் போடும்போது போன் நம்பரையும் வீட்டு எண்ணையும் மறை, சின்னப் பிள்ளைகளின் முகத்தை மறை. வேலைநிறுத்தம், ஆலைக்கு எதிரான புகார் போன்ற விஷயமென்றால் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்காமல் பெயரை வெளியிடாதே. உன் ஆய்வேட்டால் அவருக்கு வேலை போகக் கூடாது.

12. சாஃப்ட்வேர் பிடிக்காது என்பதற்காகத் திருடாதே

யு.ஜி.சி.யின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் போகப் போகத் தண்டனை கூடும். பழைய நோட்டீஸின் வாசகம் எந்த சாஃப்ட்வேரிலும் இருக்காது. அதனாலேயே அதை உன் சொந்த வாசகம் மாதிரி எழுதிவிடச் சிலருக்குக் கை பரபரக்கும். மெஷின் பிடிக்காவிட்டாலும் அது திருட்டுத்தான். அதுவும் ஒரு மூட்டை தூக்குபவரோ மீன் விற்பவரோ கைக்காசு போட்டு அடித்த தாளில் இருந்து எடுப்பது.

அப்படியே எழுதிக்கொள்ள ஒரு மாதிரி

அடிக்குறிப்பில்: சங்கத்தின் பெயர், “நோட்டீஸின் தலைப்பு” [பிட் நோட்டீஸ், ஒரு தாள், இரு பக்கம், மஞ்சள்], சென்னை: அச்சகத்தின் பெயர், [1974?]. தனியார் சேகரிப்பு, ராயபுரம், பார்த்த நாள். பின்னிணைப்பு 3 காண்க. ஆண்டு: பின்கோடும் உள்ளே குறிப்பிட்ட ரயில்வே வேலைநிறுத்தமும் கொண்டு ஊகித்தது.

சுவரொட்டிக்கு: வெளியிட்டவர், “தலைப்பு” [சுவரொட்டி], அச்சகம், தேதி. தெருவின் பெயர், ராயபுரம். ஆய்வாளர் எடுத்த புகைப்படம், நாள்.

மலர்க் கட்டுரைக்கு: கட்டுரையாளர், “கட்டுரைத் தலைப்பு,” மலரின் பெயர் [திருவிழா மலர்], தொகுப்பு: குழுவின் பெயர், சென்னை: அச்சகம், ஆண்டு, [ப. 14].

துணைநூற்பட்டியலில் இவற்றைப் புத்தகங்களோடு கலக்காதே. ‘அச்சிட்ட சிறு வெளியீடுகள்’ என்று தனித் தலைப்புப் போட்டு முதன்மை ஆதாரங்களில் வை. பட்டியலைப் புரட்டும் தேர்வாளருக்கு உன் உழைப்பு ஒரே பார்வையில் தெரியும்.

கடைசியாக ஒன்று. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு, சேர்த்த நோட்டீஸ்களின் ஸ்கேன் பிரதியை ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடு. உரிமையாளர் சம்மதித்தால் மூலத்தையே கொடு. அதுவரைக்கும் வீட்டில் யாரும் பழைய தாளைக் கட்டி எடைக்குப் போடாமல் பார்த்துக்கொள். மார்க்கெட் வாசலில் யாராவது நோட்டீஸ் நீட்டினால் கை நீட்டி வாங்கு, பின்னால் தேதி எழுது, ஃபைலில் வை. உனக்கு அடுத்து ராயபுரத்தைப் பற்றி எழுதப்போகிற பிள்ளைக்கு அது வேண்டும்.